தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் தெரிந்தால் போதும்: சப்நெட் மாஸ்க்கை நாமே கண்டுபிடிக்கலாம்

கடையிலோ ஆலயத்திலோ கண்காணிப்புக் கேமரா பொருத்த வருபவர்கள், வேலை முடிந்ததும் ஒரு துண்டுத்தாளில் சில எண்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். “கேமராக்களுக்கு 192.168.1.64 முதல் 192.168.1.127 வரை” என்று அதில் இருக்கும். சில மாதங்கள் கழித்து ரவுட்டர் பழுதாகிறது. புதியதை வாங்கி வந்து பூட்டினால், அதன் அமைப்புப் பக்கம் இன்னோர் எண்ணையும் கேட்கிறது. அதுதான் சப்நெட் மாஸ்க். அந்த எண் துண்டுத்தாளில் இல்லை. கைக்கு வந்ததைப் போட்டுப் பார்த்தால் கேமரா ஒரு பக்கம், பதிவுப் பெட்டி ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகின்றன. ஆளை மறுபடியும் கூப்பிட்டால் அதற்குத் தனிச் செலவு.

போலிடெக்னிக்கிலும் தொழிற்கல்லூரியிலும் கணினி வலையமைப்பு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதே கேள்வி தேர்வுத் தாளில் வருகிறது. சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. தேர்வின் பாடத்திட்டத்திலும் இது உண்டு. பலர் இதை ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்து, தேர்வு அறையில் மறந்துவிடுகிறார்கள். மனப்பாடம் தேவையே இல்லை. கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். துண்டுத்தாளில் உள்ள இரண்டு எண்களுக்குள்ளேயே மாஸ்க்கும் இருக்கிறது.

மாஸ்க் எதற்கு?

வீட்டிலுள்ள கைப்பேசி, தொலைக்காட்சி, கேமரா என்று வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு. நான்கு கட்டங்கள், இடையில் புள்ளிகள், ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 255 வரை ஓர் எண். இதுதான் அதன் வடிவம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை லயத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஒரே லயத்தில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச வேண்டுமென்றால் நேரே நடந்து போய்க் கதவைத் தட்டுவார்கள். அடுத்த டிவிஷனில் இருப்பவருக்குக் கடிதம் என்றால் அது தோட்டத்து ஆபீஸ் வழியாகப் போக வேண்டும். கருவிகளும் அப்படித்தான். தன் லயத்தில் இருக்கும் கருவியோடு நேரே பேசும். வெளியில் இருப்பதோடு பேச ரவுட்டரிடம் கொடுத்து அனுப்பும்.

எதிரில் இருப்பவர் நம் லயமா, வெளியா என்று ஒரு கருவி எப்படி முடிவு செய்கிறது? அந்த வேலையைத்தான் மாஸ்க் செய்கிறது. முகவரியில் எந்தப் பகுதி லயத்தின் பெயர், எந்தப் பகுதி வீட்டு எண் என்று பிரித்துக் காட்டுவது அது. மாஸ்க்கில் 255 என்று இருக்கும் கட்டம் முழுக்க முழுக்க லயத்தின் பெயர். 0 என்று இருக்கும் கட்டம் முழுக்க வீட்டு எண். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் இருந்தால் அந்தக் கட்டம் பாதி அதற்கு, பாதி இதற்கு.

ஒவ்வொரு லயத்திலும் இரண்டு எண்களைக் கருவிகளுக்குக் கொடுப்பதில்லை. முதல் எண் லயத்தின் பெயர்ப்பலகை. கடைசி எண், பெரட்டுக்குக் கூப்பிடுவது போல, அந்த லயத்தில் உள்ள எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைப்பதற்கு.

இரண்டு கழித்தல்

இப்போது துண்டுத்தாளுக்கு வருவோம். தொடக்கம் 192.168.1.64. முடிவு 192.168.1.127.

முதலில், கட்டம் கட்டமாக முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழியுங்கள். 192இல் 192 போனால் 0. 168இல் 168 போனால் 0. 1இல் 1 போனால் 0. 127இல் 64 போனால் 63. கிடைப்பது 0, 0, 0, 63.

அடுத்து, கிடைத்த ஒவ்வொன்றையும் 255இலிருந்து கழியுங்கள். 255, 255, 255, 192. அவ்வளவுதான். மாஸ்க் 255.255.255.192.

இதையே சிலர் சாய்கோடு போட்டு 192.168.1.64/26 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். 255 உள்ள கட்டத்துக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டங்களுக்கு 24. கடைசிக் கட்டத்தின் 192க்கு 2. கூட்டினால் 26. அந்த 2 எப்படி வந்தது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

அரை, கால், அரைக்கால், வீசம்

மாஸ்க்கில் எந்த எண்ணும் வந்துவிடாது. 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 ஆகிய ஒன்பது மட்டுமே வரும். கணினி எல்லாவற்றையும் இரண்டிரண்டாகவே பிரிக்கிறது என்பதுதான் இதற்குக் காரணம். ஒரு கட்டத்தில் 256 எண்கள் (0 முதல் 255 வரை). அதைப் பாதியாக்கலாம், பாதியைப் பாதியாக்கலாம், அந்தப் பாதியையும் பாதியாக்கலாம். மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிக்க வழியில்லை.

இந்தப் பாதிக் கணக்கு தமிழருக்குப் புதிதல்ல. பழைய தமிழ்க் கணக்கில் அரை, அதில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், அதில் பாதி வீசம் என்று ஒவ்வொரு படிக்கும் பெயரே உண்டு. 256 எண்களை முழுதாக வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களிலேயே எழுதினால் அட்டவணை இப்படி வரும்:

முழுது: 256 எண்கள். மாஸ்க்கின் கடைசிக் கட்டம் 0. சாய்கோடு 24.
அரை: 128 எண்கள். கடைசிக் கட்டம் 128. சாய்கோடு 25.
கால்: 64 எண்கள். கடைசிக் கட்டம் 192. சாய்கோடு 26.
அரைக்கால்: 32 எண்கள். கடைசிக் கட்டம் 224. சாய்கோடு 27.
வீசம்: 16 எண்கள். கடைசிக் கட்டம் 240. சாய்கோடு 28.
அரைவீசம்: 8 எண்கள். கடைசிக் கட்டம் 248. சாய்கோடு 29.
கால்வீசம்: 4 எண்கள். கடைசிக் கட்டம் 252. சாய்கோடு 30.

ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கையையும் மாஸ்க்கின் கடைசிக் கட்டத்தையும் கூட்டிப் பாருங்கள். எப்போதும் 256 வரும். ஒருமுறை பாதியாக்கினால் சாய்கோட்டு எண் ஒன்று கூடும். கால் என்பது இரண்டு முறை பாதியாக்கியது. அதனால்தான் 24உடன் 2 சேர்ந்து 26 ஆனது. நம் கணக்கில் ‘மா’ என்ற இருபதில் ஒரு பங்கும் உண்டு. ஆனால் பாதி பாதியாகப் போய் இருபதை எட்ட முடியாது. ஆகவே அது இங்கே செல்லாது.

வந்த விடையை நம்பலாமா?

பலர் தவறுவது இங்கேதான். இரண்டு கழித்தலோடு நிறுத்திவிடாமல், மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று, மாஸ்க்கில் வந்த எண்கள் மேலே சொன்ன ஒன்பதில் அடங்குகின்றனவா? இரண்டு, 255 அல்லாத எண் வந்த கட்டத்துக்கு அடுத்து உள்ளவை எல்லாம் 0தானா? மூன்று, அந்தக் கட்டத்தின் தொடக்க எண், தொகுதியின் அளவால் மீதியில்லாமல் வகுபடுகிறதா? நம் துண்டுத்தாளில் அளவு 64, தொடக்கம் 64. வகுபடுகிறது. விடை சரி.

இப்போது இன்னொரு வரிசை: 192.168.1.16 முதல் 192.168.1.47 வரை. 47இல் 16 போனால் 31. 255இல் 31 போனால் 224. ஒன்பதில் ஒன்றுதான். ஆனால் அளவு 32, தொடக்கம் 16. 16ஐ 32ஆல் வகுக்க முடியாது. ஆகவே இந்த வரிசைக்கு ஒரே மாஸ்க் கிடையாது. 32 வீட்டு லயங்கள் 0, 32, 64, 96 என்றுதான் தொடங்கும். 16இல் தொடங்கினால் ஒரு லயத்தின் பின்பாதியும் அடுத்த லயத்தின் முன்பாதியும் சேர்ந்துவிடுகின்றன.

இதை எப்படி எழுதுவது? இரண்டு வீசமாகப் பிரிக்க வேண்டும். 16 முதல் 31 வரை ஒன்று, 32 முதல் 47 வரை இன்னொன்று. இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.240.

கணக்குதானே, கொஞ்சம் தவறினால் என்ன என்று விட்டுவிட முடியாது. ஒரு சிறு நிறுவனத்தில் 16 முதல் 47 வரை உள்ள கணினிகள் மட்டும் சம்பளக் கணக்கைப் பார்க்கலாம் என்று ஃபயர்வாலில் அனுமதி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எழுதுபவர் அவசரத்தில் 192.168.1.16/27 என்று போட்டுவிடுகிறார். பல கருவிகள் அதை 0 முதல் 31 வரை என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, 32 முதல் 47 வரை உள்ள ஊழியர்களுக்குக் கதவு மூடிவிடும். அவர்கள் உடனே வந்து புகார் சொல்வார்கள். ஆனால் 0 முதல் 15 வரை உள்ள வேறு கருவிகளுக்குக் கதவு திறந்துவிட்டதை யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

65 முதல் 126 என்று எழுதியிருந்தால்?

சிலர் முழு வரிசையையும் எழுதாமல், கருவிகளுக்குக் கொடுக்கக்கூடிய எண்களை மட்டும் எழுதித் தருவார்கள். “65 முதல் 126 வரை” என்று இருந்தால் கழித்து வருவது 61. 255இல் 61 போனால் 194. ஒன்பதில் அது இல்லை.

இதைக் கண்டுகொள்ள எளிய அடையாளம் ஒன்று உண்டு. ஒரு முழுத் தொகுதி எப்போதும் இரட்டைப்படை எண்ணில் தொடங்கி ஒற்றைப்படை எண்ணில் முடியும். கையில் உள்ள வரிசை ஒற்றைப்படையில் தொடங்கி இரட்டைப்படையில் முடிந்தால், பெயர்ப்பலகை எண்ணும் பெரட்டு எண்ணும் விடுபட்டிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேர்த்து 64 முதல் 127 வரை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். விடை வந்துவிடும்.

ரவுட்டரில் 100 முதல் 199 என்று இருக்கிறதே?

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.எச்.சி.பி. என்ற பகுதியில், தொடக்கம் 192.168.0.100, முடிவு 192.168.0.199 என்பது போல ஒரு வரிசை இருக்கலாம். இதைக் கழித்தால் 99. 255இல் 99 போனால் 156. இப்படி ஒரு மாஸ்க்கே இல்லை.

இது லயத்தின் எல்லை அல்ல. புதிதாக வரும் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் ரவுட்டர் தானாக எடுத்துக் கொடுக்கும் எண்களின் பட்டியல் மட்டுமே. பெரும்பாலான வீடுகளில் மாஸ்க் 255.255.255.0ஆகத்தான் இருக்கும். அதாவது லயத்தில் 256 எண்கள், அவற்றில் நூறு எண்களை ரவுட்டர் விநியோகிக்கிறது. மீதமுள்ள எண்களைக் கேமராவுக்கும் அச்சுப்பொறிக்கும் நாமே நிரந்தரமாகக் கொடுக்கலாம். ஆகவே ஒரு வரிசையைப் பார்த்தவுடன், இது எல்லையா, பட்டியலா என்று முதலில் கேளுங்கள்.

வரிசையே தெரியாமல், கருவிகளின் எண்கள் மட்டும் தெரிந்தால்? கேமராக்கள் 70க்கும் 90க்கும் இடையில் இருக்கின்றன என்போம். இரண்டையும் 64ஆல் வகுத்தால் ஈவு 1, 1. ஒரே லயம். 32ஆல் வகுத்தால் ஈவு 2, 2. இன்னும் ஒரே லயம்தான். 16ஆல் வகுத்தால் 4, 5. பிரிந்துவிட்டது. ஆகவே இரண்டும் அடங்கும் ஆகச் சிறிய தொகுதி அரைக்கால். 64 முதல் 95 வரை, மாஸ்க் 255.255.255.224. இது குறைந்தபட்ச அளவுதான். பொருத்தியவர் இதைவிடப் பெரியதாகவும் வைத்திருக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கேமராவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

பொருந்தாத மாஸ்க் செய்யும் கோளாறு

பதிவுப் பெட்டியின் எண் 192.168.1.70, மாஸ்க் 255.255.255.192. அதன் லயம் 64 முதல் 127 வரை. புதிதாக வாங்கிய கேமராவுக்கு 192.168.1.150, மாஸ்க் 255.255.255.0 என்று போட்டுவிட்டோம். கேமராவின் கணக்கில் லயம் 0 முதல் 255 வரை. பெட்டி நம் பக்கத்து வீடு என்று நினைத்து நேரே பேசுகிறது. பெட்டியின் கணக்கிலோ 150 வெளியாள். பதிலை ரவுட்டரிடம் கொடுக்கிறது. ரவுட்டர் அதற்கேற்ப அமைக்கப்படவில்லை என்றால் பதில் போய்ச் சேராது. மின்சாரம் இருக்கிறது, கம்பி சரி, விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை. கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன் இரண்டு கருவிகளின் மாஸ்க்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய வரிசைக்கும் இதே முறை

இணையம் வளர்ந்த கதையிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. 1981இல் வகுக்கப்பட்ட ஐ.பி. முகவரி முறையில் மொத்தம் 4,294,967,296 எண்கள், அதாவது சுமார் 429 கோடி. அப்போது நிறுவனங்களுக்கு 256, 65,536, 1,67,77,216 என்ற மூன்று அளவுகளில்தான் தொகுதிகள் கிடைத்தன. முந்நூறு கணினி உள்ளவருக்கு 256 போதாது, 65,536 வீண். 1985இல் சப்நெட் முறை வரையறுக்கப்பட்டது. 1993இல் மூன்று அளவு என்ற கட்டுப்பாடே நீங்கி, சாய்கோடு எழுதும் முறை வந்தது. 1994இல் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மட்டும் பயன்படுத்த மூன்று தனி வரிசைகள் ஒதுக்கப்பட்டன. நம் வீட்டு 192.168 அவற்றில் ஒன்று.

இன்னொன்று 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை. கழித்தால் 0, 15, 255, 255. 255இலிருந்து கழித்தால் 255.240.0.0. இரண்டாம் கட்டத்தில் அளவு 16, தொடக்கம் 16. வகுபடுகிறது. சாய்கோடு 12.

உலகமே உணர்ந்த ஓர் உதாரணமும் உண்டு. யூடியூப் தன்னுடையது என்று இணையத்துக்கு அறிவித்திருந்த தொகுதிகளில் ஒன்று 208.65.152.0 முதல் 208.65.155.255 வரை. கழித்தால் 0, 0, 3, 255. மாஸ்க் 255.255.252.0, சாய்கோடு 22, மொத்தம் 1,024 எண்கள். 2008 பிப்ரவரி 24ஆம் நாள், பாகிஸ்தானில் யூடியூப்பைத் தடுப்பதற்காக அந்நாட்டின் பாகிஸ்தான் டெலிகாம், அதற்குள் அடங்கிய 208.65.153.0/24 என்ற 256 எண்கள் தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு நாட்டுக்குள் நிற்காமல் வெளியே கசிந்தது. இரண்டு அறிவிப்புகள் மோதினால் எது சிறிய தொகுதியோ அதையே ரவுட்டர்கள் நம்பும். உலகெங்கும் யூடியூப்பைத் தேடியவர்கள் பாகிஸ்தானுக்குத் திருப்பப்பட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரம் பலருக்கும் தளம் கிடைக்கவில்லை. யூடியூப் பொறியாளர்கள் செய்த பரிகாரங்களில் ஒன்று, அந்த 256ஐ இரண்டு அரையாக வெட்டி, சாய்கோடு 25 போட்டு அறிவித்தது. நாம் மேலே பார்த்த அரைக் கணக்கேதான்.

மாஸ்க் ஒரு பூட்டு அல்ல

கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேமராவுக்கு ஒரு லயம், விருந்தினருக்கு ஒரு லயம் என்று மாஸ்க்கால் பிரித்துவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடாது. எல்லாக் கம்பியும் ஒரே பெட்டியில் சேர்ந்திருந்தால், ஒருவர் தம் கணினியில் வேறோர் எண்ணைத் தட்டி அந்த லயத்துக்குள் நுழைந்துவிடலாம். ரவுட்டரில் விருந்தினர் வலை என்ற வசதி இருந்தால் அதை இயக்குங்கள். பெரிய கடை என்றால் வி.லேன் முறையில் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

முயன்று பாருங்கள்

1. 192.168.5.0 முதல் 192.168.5.127 வரை.
2. 203.0.113.8 முதல் 203.0.113.15 வரை.
3. 10.20.8.0 முதல் 10.20.11.255 வரை.
4. 192.168.1.40 முதல் 192.168.1.71 வரை.

விடைகள்: முதலாவது 255.255.255.128, அரை. இரண்டாவது 255.255.255.248, அரைவீசம். எட்டு எண்களில் முதலும் கடைசியும் போக ஆறு, ரவுட்டருக்கு ஒன்று போக ஐந்துதான் நமக்கு. மூன்றாவது 255.255.252.0. நான்காவதில் 224 என்று வந்திருந்தால் மூன்றாம் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டீர்கள். 40ஐ 32ஆல் வகுக்க முடியாது. அதை 40 முதல் 47, 48 முதல் 63, 64 முதல் 71 என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். மாஸ்க்கின் கடைசிக் கட்டம் முறையே 248, 240, 248.

அடுத்த முறை கேமராவோ ரவுட்டரோ பொருத்த ஆள் வரும்போது, “தம்பி, தொடக்க எண், முடிவு எண், மாஸ்க், கேட்வே நாலையும் எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா” என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதை மேலே சொன்ன மூன்று கேள்விகளால் அங்கேயே சரிபாருங்கள். பிறகு அந்தத் தாளை ரவுட்டரின் அடியிலேயே ஒட்டிவையுங்கள்.